வான் அக்காவின் பிரேக் பேட்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பள்ளிக்கூட வான் ஓட்டிய ஓர் அக்காவை எனக்குத் தெரியும். பொரளைச் சந்தியில் நிற்க வேண்டுமென்றால், அதற்கு முந்திய சந்தியிலேயே அவர் நிற்கத் தொடங்கிவிடுவார். முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்குவார். வான் தன்பாட்டில் உருளும். பிறகு கியரை ஒன்று குறைப்பார். வான் ஒரு முறை முனகிவிட்டு இன்னும் மெல்ல உருளும். பிறகு இன்னொரு கியர். சந்திக்கு வந்து சேரும்போது வானுக்கே போதும் போதும் என்றாகியிருக்கும். பிரேக்கில் கால் வைப்பதை அவர் அந்தர ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அந்தர ஆபத்து தினமும் வருகிற கொழும்பில், அதுவும் சண்டைக் காலத்தில், ஒரு மனிசி இப்படி வாகனம் ஓட்டினார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் அந்தப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு ரீச்சர். வானுக்குள் பிள்ளைகள் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்காக முன் சீட் எனக்கு. முன் சீட்டில் இருக்கிறவளுக்குத்தான் வருகிற லொறி எல்லாம் தெரியும். லொறியைக் கண்டதும் என் கால் தானாகவே தரையை அழுத்தும். அக்கா இதைக் கொஞ்ச நாள் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்.

“டீச்சர், அந்தப் பக்கம் பிரேக் இல்ல. நீங்க மிதிக்கிறதுல மேட் தான் தேயுது.”

“அக்கா, லொறி வருது.”

“அது எப்பவோ இருந்து வருது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

உண்மையில் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் எல்லோரும் முன்னால் போகிற வாகனத்தைப் பார்ப்போம். அவர் அதற்கும் முன்னால், அதற்கும் முன்னால், ரோட்டின் அந்தத் தொங்கலில் ஒரு மனிதர் குடையை மடக்குவதைப் பார்த்து, அவர் பஸ்ஸை மறிக்கப்போகிறார், பஸ் நிற்கப்போகிறது என்று இங்கே காலைத் தூக்கிவிடுவார். முன்னால் அவர் விட்டிருக்கிற இடைவெளியில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் வந்து குடியேறுவார்கள். அவர்களுக்கும் இடம் விட்டு, அவர்களுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இடம் விடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹோன் அடித்தே களைத்துப் போவார்கள். ஒருமுறை தனியார் பஸ் கொண்டக்டர் ஒருவர் வாசலில் தொங்கியபடி அக்காவின் தாய், தகப்பன், சகோதரங்கள் எல்லோரையும் சிங்களத்தில் விசாரித்துவிட்டு எங்களை முந்திப் போனார். அடுத்த சிவப்பு லைட்டில் அந்த பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நாங்களும் போய்ச் சேர்ந்தோம். அக்கா கொண்டக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

“அவரும் இங்கதானே நிக்கிறாரு” என்றார் என்னிடம். “நான் பேட்டோட நிக்கிறேன். அவரு பேட்டைக் குடுத்துட்டு நிக்கிறாரு.”

முதல் பாடம் எனக்கு ஏழாம் வகுப்பு. வருடத்தில் பாதி நாள் அந்தப் பாடத்தில் வகுப்பு என்னைக் காணாது. தலைமைச் சகோதரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ‘வான் அக்கா பிரேக் பேட்டை மிச்சம் பிடிக்கிறா, சிஸ்டர்’ என்று எப்படிச் சொல்வது? ட்ராபிக் என்றேன்.

பின்னேரங்களில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடற்கரைப் பக்கமாய் இருந்த தன் வீட்டு வாசலில் வானை நிறுத்தி, சில்லுகளை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவுவார். கடல் காற்றில் உப்பு, உப்பு இரும்பைத் தின்னும், இரும்பு சொரசொரத்தால் பேட் தேயும் என்பது அவருடைய கணக்கு. வானின் மற்றப் பகுதிகளைக் கழுவி நான் கண்டதில்லை. அவற்றை மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

இந்தக் குணம் ஸ்டியரிங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கதையிலும் அவர் இப்படித்தான். ஒரு கூடாத செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தால் கியர் கியராக இறக்கித்தான் சொல்வார். வானில் வருகிற பையன் ஒருவனுக்குக் கொப்புளிப்பான் வரப்போகிறது என்று அவர் ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தார். அன்று தாயிடம், பிள்ளை ராத்திரி நல்லாத் தூங்குறானா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை, இந்த நாட்களில் வெயில் கூடிப்போச்சு என்றார். புதன்கிழமை, தன் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் வந்த வருத்தங்களைப் பற்றிப் பேசினார். வியாழக்கிழமை விஷயத்துக்கு வந்தபோது பையனின் முகமெல்லாம் கொப்புளம் போட்டிருந்தது. தாய் வேப்பிலையும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றும்போதே “அப்ப நான் போகணும்” என்று தொடங்குவார். அந்தப் போதல் தேத்தண்ணி, பலகாரம், ஊர்க்கதை எல்லாம் தாண்டி ஒரு பாடு நேரம் எடுக்கும். ஆனால் கடைசியில் எழும்பும்போது யாருக்கும் மனக்குறை இருக்காது.

பேட்டை ஏன் இப்படிக் காப்பாற்றுகிறீர்கள், அதென்ன தங்கத்தில் செய்ததா என்று நான் எரிச்சலில் ஒருநாள் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சொல்வதற்கு வெள்ளவத்தையிலிருந்து தெமட்டகொடை வரை எடுத்துக்கொண்டார்.

பேட் மாற்றுவதென்றால் ஒருகொடவத்தைக் கராஜில் வானை விட வேண்டும். அன்று முழுக்க வான் ஓடாது. வான் ஓடாத நாளில் பிள்ளைகள் பஸ்ஸில் போக வேண்டும். கடைசியாக அவர் பேட் மாற்றிய அன்று பிள்ளைகள் பஸ்ஸில்தான் போனார்கள். அன்று டவுனில் குண்டு வெடித்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பஸ்கள் நின்றுபோய், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அதுவரைக்கும் எல்லாத் தாய்மாரும் ஒழுங்கை முகப்பில் நின்றார்கள். இவரும் அவர்களோடு நின்றார்.

“யாரும் என்னை ஒண்ணும் கேக்கல்ல டீச்சர். கேட்டிருந்தா நல்லம்” என்றார். பிறகு காலைத் தூக்கினார், ஏனென்றால் முன்னால் எங்கோ ஒரு மாட்டு வண்டில் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் தங்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வருடம்தான் என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். அவர் வங்கியில் வேலை. கொட்டாஞ்சேனைக் கிளைக்கு மாற்றம் கிடைத்து, பிரயாண அனுமதிப் பாஸ் எடுத்து, கப்பலேறி, பஸ்ஸேறி, மெலிந்து கறுத்து வந்து சேர்ந்தார். வடக்கிலிருந்து வந்தவர் பொலிசில் பதிய வேண்டும். பதிவதற்கு வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை வாங்கக் கை நீட்டுவார், கையெழுத்தென்றால் அந்தக் கை உளைவெடுக்கும். “பாப்பம் தங்கச்சி, பாப்பம். ஆம்பிளையளுக்கு வைச்சுப்போட்டு பிறகு நான் பொலிசுக்கு அலையேலாது” என்று நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பதிவில்லாமல் பஸ்ஸில் போன முதல் கிழமையே என் கணவரை ஆமிக்காரர் சோதனைச் சென்றியில் இறக்கிவிட்டார்கள். அன்று இரவு அவர் வீட்டுக்கு வரவில்லை. காலையில் வந்தார். அடிக்கவில்லை, பிளேன்டீ கூடக் கொடுத்தார்கள் என்றார். ஆனால் அந்த இரவு முழுவதும் அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ரோட்டில் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் பொலிசுக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் ஒவ்வொரு பொலிசாக ஏறி இறங்கிக் கேட்க வேண்டும். அவர்கள் இல்லை என்பார்கள். இல்லை என்று சொல்லச் சொல்லக் கேட்டு, கடைசிவரை ஆளைக் காணாமலே போன குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. இன்ன இடத்துக்குக் கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன் என்று ஒருவர் வந்து நின்றால்தான், இல்லை என்பது கொஞ்சம் கஷ்டம்.

பள்ளிக்கூட வானை அவ்வளவாக மறிக்க மாட்டார்கள். அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் என் கணவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“சார் எத்தனை கிலோ?”

என் கணவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கோ என்றேன். சொன்னார்.

“வெயிட் கூடினா வான் நிக்க நேரம் எடுக்கும். அப்புறம் பிரேக்க மிதிக்க வேண்டி வரும்” என்றார் அக்கா. “ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்.”

பூசையில் யாரோடு கலந்தாலோசித்தாரோ தெரியாது. திங்கட்கிழமை காலையில், “நடு சீட்ல இருக்கச் சொல்லுங்க. சோத்துக்கு அந்தப் பித்தளைக் கேரியர் வேணாம், பார்சல் கட்டிக் குடுங்க” என்றார். அப்படித்தான் வங்கி உத்தியோகத்தர் ஒருவர் மடியில் நாலு புத்தகப் பையோடு, இரண்டு பக்கமும் ரெட்டைப் பின்னல்களுக்கு நடுவே, ஏழாம் வாய்ப்பாடு ஒப்புவித்துக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

சென்றிகளில் அக்காவின் வித்தையை அப்போதுதான் நான் கவனித்தேன். தூரத்திலேயே காலைத் தூக்கிவிடுவார். முன்னால் நிற்கிற வாகனத்தை ஆமிக்காரர் பார்த்து முடிக்கிற நேரத்துக்கு வான் உருண்டு உருண்டு கிட்டே வரும். அதற்குள் அவருக்கு எங்களைப் பார்க்க நல்ல அவகாசம். வெள்ளை யூனிபோமையும், ஸ்டியரிங்குக்கு மேலால் தெரிகிற அக்காவின் கண்ணாடியையும் கண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். வான் நிற்கவே வேண்டியதில்லை. பிரேக் பேட்டும் தேயவில்லை, என் கணவரும் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே கணக்கு. கணக்கு ரீச்சரான எனக்கு அது விளங்க இவ்வளவு நாள் எடுத்தது.

பிறகு ஒருநாள் காலை ஒருகொடவத்தைச் சென்றியில் ஆட்களை மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியாது. வேகமாக வருகிற வாகனத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும். நிற்கிற வாகனத்தையும் தெரியும். வந்துகொண்டே வராமலும், நின்றுகொண்டே நிற்காமலும் இருக்கிற வானை என்ன செய்வதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு பேர் துவக்கை நீட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். அக்கா நின்றார். எங்கள் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலோடு கண்டெய்னர் லொறிகளின் புழுதியில் வரிசையாக நின்றார்கள்.

அதிகாரி இளம் ஆள். ஏன் இப்படி ஊர்ந்து வருகிறாய், எங்களைக் கண்டு பயந்தாயா என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பிரேக் பேட் தேயாமல் இருக்கத்தான் மாத்தயா என்றார்.

“பகிடி விடுகிறாயா?”

“இல்லை மாத்தயா. வேணுமென்றால் கழற்றிப் பாருங்கள்.”

கழற்றிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஆமி ட்ரக்கின் டிரைவரைக் கூப்பிட்டு, ஜாக் வைத்து, முன் சில்லைக் கழற்றினார்கள். டிரைவர் கொஞ்சம் வயதான ஆள். குந்தியிருந்து உள்ளே விரலை விட்டுப் பேட்டின் தடிப்பைத் தடவிப் பார்த்தார். எப்போது மாற்றியது என்று கேட்டார்.

“கடைசி மகன் சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை எடுத்த வருஷம்.”

“மகன் இப்போது என்ன செய்கிறான்?”

“சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறான்.”

டிரைவர் எழும்பி அதிகாரியைப் பார்த்தார். நாங்கள் ட்ரக்குக்குப் போடுகிறது இரண்டு மாதம் தாங்காது சார் என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அதிகாரியும் குனிந்து பார்த்தார். சில்லைத் திரும்பப் பூட்டி, வானை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. அதிகாரி என் கணவர் பக்கம் திரும்பினார். அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் பதிவு எங்கே என்று கேட்டார். என் கணவருக்குச் சிங்களம் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் இவர் என் மனுசன், வங்கியில் வேலை, பதியக் கொடுத்திருக்கிறோம் என்றெல்லாம் சொன்னேன். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார் அதிகாரி. எந்தப் பொலிஸ் என்று கேட்டேன். அது பிறகு தெரியும் என்றார். ட்ரக்கில் ஏற்கனவே ஒரு பெடியன் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் என் கணவரை ஏற்றினார்கள். ட்ரக் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கமாக, பொரளைப் பக்கம் திரும்பியது.

“ஏறுங்க டீச்சர்” என்றார் அக்கா.

“பிள்ளையளை விட்டுட்டு வருவம் அக்கா.”

“விட்டுட்டு வந்து ட்ரக்க எங்க தேடுவீங்க? பிள்ளைகளைக் கட்டிப் பிடிச்சு உக்காரச் சொல்லுங்க.”

வானைத் திருப்பினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ட்ரக்கின் பின் பலகைக்கும் எங்கள் முன் கண்ணாடிக்கும் இடையில் ஒரு ஆள் குறுக்கே நடக்க இடமில்லை. ட்ரக் ஓடினால் ஓடினார். ட்ரக் பிரேக் போட்டால் இவரும் போட்டார். சில்லு கிரீச்சிட, பைகளும் போத்தல்களும் பிள்ளைகளும் முன்னுக்கு வந்து விழுந்தார்கள். முதலில் கத்தினார்கள். பிறகு அவர்களுக்கு அது பிடித்துவிட்டது. பிறகு ஒரு சின்னது வாந்தி எடுத்தது. பொரளையில் ஒரு ஆட்டோ இடையில் நுழையப் பார்த்தது. அக்கா அழுத்தமாக ஹோன் அடித்து அதை ஓரத்துக்குத் தள்ளினார். வானுக்குள் கருகிய மணம் வந்தது.

“இன்னும் கிட்டப் போங்கோ அக்கா” என்றேன்.

“போறேன்” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உதடு மட்டும் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது. ட்ரக்கின் பின்பக்கம் பார்த்தபடி என் கணவர் இருந்தார். அவர் ஒரு தடவை கூடக் கண்ணை எங்களை விட்டு எடுக்கவில்லை.

ஒரு பொலிஸ் நிலைய வாசலில் ட்ரக் திரும்பியது. தடுப்புக் கட்டையில் மோதாமல் வான் நின்றதே பெரிய காரியம். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓடி வந்தார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அக்கா எல்லோரையும் இறக்கினார். நான் உள்ளே போய், இப்போது வந்த ட்ரக்கில் என் மனுசனைக் கொண்டுவந்திருக்கிறார்கள், நான் கண்டேன், இந்தப் பிள்ளைகளும் கண்டார்கள் என்றேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் ஜன்னலால் பார்த்தார். முற்றத்தில் வெள்ளை யூனிபோம் வரிசையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டு, பேர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பின்னேரம் தலைமைச் சகோதரியும் வங்கி மனேஜரும் போய்க் கதைத்து, என் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் அன்றே கையெழுத்து வைத்தார். அவரிடம் அக்கா போய் என்ன சொன்னார் என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்தபிறகுதான் என் கணவர் ட்ரக்கில் இருந்த பெடியனைப் பற்றிச் சொன்னார். கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தாயோடு வந்து தங்கி, வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவனாம். பாண் வாங்கப் போன இடத்தில் முந்தாநாள் பிடித்தார்களாம். இந்தப் பொலிசிலிருந்து அந்தப் பொலிசுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ட்ரக்கில் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பேரையும் லொட்ஜின் பேரையும் திருப்பித் திருப்பிச் சொன்னானாம். அவனையும் அந்தப் பொலிசில்தான் இறக்கினார்களாம். எனக்கு அன்று நித்திரை வரவில்லை. அவன் போன ட்ரக்குக்குப் பின்னால் வந்தது எங்கள் வான்தான். அவனுக்கென்று ஒன்றும் வரவில்லை.

மறுநாள் வான் கராஜில் நின்றது. பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போனோம், அக்கா முன் கதவிலும் நான் பின் கதவிலும். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் நான் லீவு சொல்லிவிட்டு அக்காவிடம் அந்தப் பெடியனைப் பற்றிச் சொன்னேன். அவர் உடனே நடக்கத் தொடங்கினார். லொட்ஜ் பக்கத்தில்தான் இருந்தது.

தாய் லொட்ஜின் படிக்கட்டில் இருந்தார். மடியில் ஒரு சொப்பிங் பையில் மகனின் தோய்த்து மடித்த சேட்டு. மூன்று பொலிசில் கேட்டாராம், மூன்றிலும் இல்லை என்றார்களாம். நாலாவது எது என்று தெரியாமல் இருக்கிறேன் பிள்ளை என்றார். நான் வாயைத் திறக்க முதல் அக்கா பொலிசின் பேரைச் சொன்னார்.

“உங்க மகன் அங்கதான் இருக்கான். நேத்து எங்க கண்ணால பாத்தோம். வாங்க.”

தாய் அழவில்லை. செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது, மற்றது படிக்குக் கீழே விழுந்திருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அங்கே எந்த பஸ் போகும் என்று கேட்டார். அக்கா அதற்குள் ரோட்டுக்கு இறங்கி, போய்க்கொண்டிருந்த ஒரு ஆட்டோவுக்குக் குறுக்கே நின்று அதை மறித்திருந்தார். மூன்று பேரும் நெருங்கி ஏறினோம். அக்கா டிரைவரின் தோளில் தட்டினார்.

“தம்பி, வேகமாப் போங்க” என்றார்.